மேடு பார்த்து நிறுத்தும் வண்டி

திண்டுக்கல்லில் எங்கெங்கே மேடு இருக்கிறது என்று என்னைக் கேளுங்கள், சொல்கிறேன். ரயில்வே பாலத்து இறக்கம், மலைக்கோட்டை அடிவாரத்துச் சந்து, மார்க்கெட்டுக்குப் பின்னால் குப்பைத் தொட்டியை ஒட்டி ஒரு சின்ன ஏற்றம். பதினோரு வருஷமாக எங்கள் குடும்பம் மேடு பார்த்துத்தான் நிற்கிறது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் என் வீட்டுக்காரர் ரஹ்மத்துல்லா முதலில் வாசலைப் பார்க்க மாட்டார், தரையைப் பார்ப்பார். சரிவாக ஓர் இடம் கிடைத்தால் அங்கே எங்கள் பழைய லோடு வண்டியை நிறுத்தி, முன் சக்கரத்துக்குக் கீழே ஒரு கருங்கல்லை வைத்துவிட்டு வருவார். கிளம்பும்போது கல்லை உதைத்துத் தள்ளினால் போதும், வண்டி தானாக உருண்டு ஸ்டார்ட் ஆகிவிடும். ஏனென்றால் அதற்கு செல்ஃப் எடுக்காது. சாவியைத் திருப்பினால் பல்லி மாதிரி டிக் டிக் என்று சத்தம் வரும், அவ்வளவுதான்.

செல்ஃப் மட்டுமா? பெரிய பட்டியலே உண்டு, ஆனால் சொல்லச் சொல்ல எனக்கே அலுப்பாக இருக்கிறது. என் பக்கத்துக் கதவு உள்ளேயிருந்து திறக்காது. அவர் சுற்றி வந்து வெளியிலிருந்து திறந்துவிட வேண்டும். இரண்டாம் கியர் போட்ட மாத்திரத்தில் கழன்றுகொண்டு வெளியே வரும், அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது என் வேலை. மூன்று மிதி மிதித்தால்தான் பிரேக். ரேடியேட்டர் தண்ணீர் குடிக்கிற குடிக்கு ஒரு மாட்டை வளர்த்திருந்தால் பாலாவது கறந்திருக்கலாம். இதெல்லாம் பழைய வியாதி. போன மாசத்திலிருந்து புதிதாக ஒன்று. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜின் அணைந்துவிடுகிறது.

மெக்கானிக் மூக்கையா வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு என்னிடம்தான் சொன்னான்.

"யக்கா, இதுல ரிப்பேரு பாக்க ஒண்ணுமில்ல. ரிப்பேருக்குள்ளதான் வண்டியே இருக்கு."

என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ டீசல் பம்ப மட்டும் பாருப்பா, வாயப் பாக்காத" என்றார். அவர் அந்த வண்டியைப் பற்றி யார் ஒரு சொல் சொன்னாலும் தாங்க மாட்டார், என்னைத் தவிர. நான் சொல்வதைப் பதினோரு வருஷமாகத் தாங்கிக்கொண்டிருக்கிறார். கழுதைக்கு வாழ்க்கைப்பட்டால் உதைக்கு அஞ்சலாமா என்பார்கள். இங்கே கழுதையை வைத்திருப்பவருக்கு வாழ்க்கைப்பட்டதால் உதை எனக்கு.

அந்தப் புதன்கிழமை மட்டும் என்னால் கிண்டல் பேச முடியவில்லை. அது எனக்கு முக்கியமான நாள்.

ஊரில் பேர் சொல்லும் ஒரு பிரியாணிக் கடையில் நான் பதினோரு வருஷமாகச் சமைக்கிறேன். கடையின் பேரை எதற்குச் சொல்ல வேண்டும்? போர்டில் முதலாளியைப் பெற்ற அத்தா படம் இருக்கிறது, பிரியாணி வேகும் பெரிய தேக்சாவுக்குப் பின்னால் நான் இருக்கிறேன். விடிகாலை மூன்றரைக்கு எழுந்து போனால், மத்தியானம் வெளியே வரும்போது கைவிரல் மரத்துப்போய்ச் சேலைத் தலைப்பைக்கூடப் பிடிக்க வராது. வயது நாற்பத்தாறு. இன்னும் எத்தனை வருஷம் அடுத்தவர் அடுப்பில் வேகுவது? அப்போதுதான் சேவுகம்பட்டிப் பக்கம் ஒரு நூல் மில்லிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. மில்லைப் பார்த்துக்கொள்பவர் மதியழகன் என்பவர். ஒரு கல்யாணத்தில் என் கைச்சோற்றைச் சாப்பிட்டிருக்கிறார். நூற்றைம்பது ஆட்களுக்கு ஒரு நாள் போடுங்கள், பிடித்திருந்தால் வாரா வாரம் புதன்கிழமை உங்களுக்குத்தான் என்றார். ஒரே ஒரு நிபந்தனை. ஒரு மணிக்கு மணியடித்தால் ஒன்றரைக்கு மறுபடி மெஷின் ஓடும், அந்த அரை மணிக்குள் சோறு இருக்க வேண்டும்.

இது கிடைத்துவிட்டால் கடையை விட்டுவிடலாம். கிடைக்காவிட்டால் சாகும்வரை மூன்றரை மணிதான். கடையில் காய்ச்சல் என்று சொல்லி லீவு போட்டுவிட்டு, எங்கள் வீட்டுக் கொல்லையிலேயே அடுப்பு மூட்டினேன்.

முந்தின நாளே என் வீட்டுக்காரரிடம் தெளிவாகச் சொன்னேன்.

"என்னங்க, நாளைக்கு மட்டும் நம்ம சங்கிலி இருக்காப்லல்ல, அவரு வண்டியக் கேப்போம். புது வண்டி. கேட்டா வருவாப்ல."

"ஏன், நம்ம வண்டிக்கு என்ன?"

"என்னவா! அதுக்கு என்ன இல்லன்னு கேளுங்க."

"மூணு தேக்சாதானே நஜ்மு. எம்புட்டோ லோடு பாத்த வண்டி. சொந்த வண்டிய வாசல்ல வச்சுக்கிட்டு எம்பொண்டாட்டி மொத ஆர்டர அடுத்தவன் வண்டில அனுப்பச் சொல்றியா?"

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் முகம் எப்படியோ போய்விட்டது. நானும் பேசாமல் விட்டுவிட்டேன். விட்டது தப்பு என்று விடிய விடியத் தூக்கம் வராமல் நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

மூன்று தேக்சா பிரியாணி, ஒரு குண்டா தால்சா, ஒரு வாளி வெங்காயப் பச்சடி. தம் பிரிக்காமல் மூடியைச் சுற்றி மாவு ஒட்டி, கயிறு போட்டுக் கட்டி ஏற்றினோம். பதினொன்றுக்குக் கிளம்பிவிட்டோம். நல்ல வண்டிக்கு ஒரு மணி நேரத்துப் பாதை, எங்களுக்கு இரண்டு மணி நேரம் வைத்துக்கொண்டோம். அவர் புதுச் சட்டை போட்டிருந்தார். பின்னால் தேக்சா சூடு, முன்னால் இன்ஜின் சூடு, நடுவில் நான் இரண்டாம் கியரைப் பிடித்துக்கொண்டு யாஸீன் ஓதிக்கொண்டு வந்தேன்.

செம்பட்டியில் மெயின் ரோட்டை விட்டு சித்தையன்கோட்டை வழியாகத் திருப்பினார்.

"இது எதுக்குச் சுத்து?"

"மெயின் ரோட்ல நின்னா தள்ள ஆளு கெடைக்காது. ஊருக்குள்ள நின்னா கெடைக்கும்."

வண்டி நிற்கும் என்று கணக்குப் போட்டுத்தான் மனிதர் பாதையே பிடிக்கிறார். இதற்கு நான் என்ன பதில் சொல்வது?

சித்தையன்கோட்டையைத் தாண்டி, இரண்டு பக்கமும் வாழைத் தோட்டம். ரோடு அங்கே தோசைக்கல் மாதிரி சமதரை, பேருக்குக்கூட ஒரு மேடு கிடையாது. அங்கே பார்த்துத்தான் பானட்டுக்குள்ளிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. ஓட்டையான ரேடியேட்டர் ஹோஸில் சுற்றியிருந்த சைக்கிள் டியூப் அவிழ்ந்து, தண்ணீர் எல்லாம் ரோட்டில் ஓடியது. அவர் வண்டியை ஓரம் கட்டினார். அணைக்கவில்லை. காலை ஆக்ஸிலேட்டரிலேயே வைத்துக்கொண்டு, "நஜ்மு, இந்தப் பக்கம் நகந்து வா. எங்கால் இருக்கிற எடத்துல உங்கால வையி" என்றார்.

"எனக்கு எங்கங்க ஓட்டத் தெரியும்?"

"ஓட்ட வேணாம். சும்மா அமுக்கிக்கிட்டு இரு. அந்தா தெரியிது பாரு பம்புசெட்டு, தண்ணி புடிச்சிட்டு ஓடியாந்திர்றேன். ஓடிக்கிட்டு இருக்கையிலதான் தண்ணி ஊத்தணும். காலை மட்டும் எடுத்திராத. எடுத்தா அம்புட்டுத்தான்."

இரண்டு கேனைத் தூக்கிக்கொண்டு வரப்பில் ஓடினார். ஐம்பது வயது ஆளுக்கு அந்த ஓட்டம் ஆகாது. நான் காலை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வண்டி உறுமியது, பின்னால் கரிப்புகை பீச்சியது. மணி பன்னிரண்டேகால்.

அப்போதுதான் எதிரே அந்தக் கூட்டம் வந்தது. முன்னால் ஒருவர் சங்கும் ஒருவர் சேகண்டியும். பின்னால் பூ ஜோடித்த பாடை. அதற்கும் பின்னால் பெண்கள், தலைவிரிகோலமாக, அழுது ஓய்ந்த முகத்தோடு. குறுகலான ரோடு. பாதியை எங்கள் வண்டி அடைத்துக்கொண்டு நின்றது. சங்கு ஊதுகிறவர் கன்னம் உப்புவது தெரிந்ததே தவிர, வண்டி உறுமலில் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. காற்று பின்னாலிருந்து அடித்தது. என் வண்டிப் புகை நேராக அந்தப் பாடையை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம். யார் வீட்டு மையத்து போனாலும், எந்தச் சாதி எந்த மதம் என்று பார்க்க மாட்டோம், ஓடுகிற மிக்ஸியை நிறுத்துவோம், டிவியை நிறுத்துவோம், உட்கார்ந்திருக்கிறவர்கள் எழுந்து நிற்போம். அது யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. கண்ணில் பட்டால் உடம்பு தானாகச் செய்துவிடும். முக்காட்டை இழுத்துப் போட்டேன். இறந்தவருக்காக ஓதும் இன்னாலில்லாஹியை வாய் சொன்னது. காலை எடுத்துவிட்டேன்.

வண்டி இரண்டு குலுக்கு குலுக்கிவிட்டு அணைந்தது. பிறகுதான் சங்கு கேட்டது. பாடை என்னைக் கடந்து போனது. கடைசிப் பெண் போன பிறகுதான் என் மண்டையில் உறைத்தது. யா அல்லாஹ், நான் என்ன செய்துவிட்டேன்! அப்படியே ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டேன்.

அவர் கேனோடு வரப்பில் நின்றுகொண்டிருந்தார். பிணம் போகட்டும் என்று தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். வண்டிச் சத்தம் நின்றது அவருக்கும் கேட்டிருக்கும். கிட்டே வந்தார். என்னை ஏசுவார் என்று பார்த்தேன். ஏசியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்து மனசை ஆற்றியிருப்பேன்.

"நாந்தாங்க காலை எடுத்தேன்" என்றேன். "பொணம் வந்துச்சு. தன்னால எடுத்துட்டேன்."

"ம்" என்றார். ஹோஸைக் கட்டினார், தண்ணீரை ஊற்றினார், சாவியைத் திருப்பிப் பார்த்தார். டிக் டிக். இறங்கிப் பின்னால் போய்த் தனியாகத் தள்ளிப் பார்த்தார். மூன்று தேக்சா சோற்றோடு அது அசையுமா? புதுச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நான் வாழ்க்கையில் ஒரு நாளும் அந்த வண்டியைத் தள்ளியதில்லை. வாங்கி வந்த அன்றைக்கே கறாராகச் சொல்லிவிட்டேன், உங்களுக்குச் சமைப்பேன், துவைப்பேன், வண்டி தள்ள மாட்டேன் என்று. அன்றைக்கும் உள்ளேயேதான் உட்கார்ந்திருந்தேன். கால் வராமல் உட்கார்ந்திருந்தேன் என்பதுதான் நிஜம். சங்கிலிக்கு போன் போட்டேன், எடுக்கவில்லை. மணி பன்னிரண்டு நாற்பது. ஒரு சைக்கிள்கூட அந்தப் பக்கம் வரவில்லை.

அந்தப் பெண்கள் திரும்பி வந்தார்கள். அவர்கள் வழக்கத்தில் பொம்பளைகள் சுடுகாடு வரைக்கும் போவதில்லை, ஊர் எல்லையில் நின்று திரும்பிவிடுவார்கள். பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். முன்னால் வந்தவள் முப்பத்தைந்து வயதுக்காரி, அழுதழுது கண் இரண்டும் வீங்கிப்போயிருந்தது. பிறகு பேர் தெரிந்துகொண்டேன், அறிவுச்செல்வி. இறந்தவருடைய மூத்த மகள். எங்கள் வண்டியைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"ஏன் பாயம்மா, வண்டி நின்னுபோச்சா?"

"ஆமா தாயி."

"நாங்க வரையில ஓடிக்கிட்டுல இருந்துச்சு. எங்கப்பாவுக்காகவா அமத்துனீங்க?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

அவள் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு கிழவி, "ஏண்டி, சோத்து வண்டி மாதிரி வாசம் வருது. எழவு வீட்டுக் கையி, தீட்டுல்ல. தொடலாமா?" என்றாள்.

"எங்களுக்குத் தீட்டெல்லாம் கெடயாது ஆத்தா" என்றேன். "ஒரு மணிக்கு நூத்தம்பது பேரு பசியோட நிப்பாக. என் பொழப்பே இந்தச் சோத்துலதான் இருக்கு. தள்ளி விடுங்க, புண்ணியமாப் போகும்."

அறிவுச்செல்வி சேலையை இடுப்பில் செருகினாள். "தள்ளுங்கடி. நமக்கென்ன புதுசா?" என்றாள். என்னைப் பார்த்து, "எங்கப்பாவும் இப்படித்தான் ஒரு ஓட்ட டெம்போ வச்சிருந்தாரு. நாங்க அஞ்சு பொம்பளப் புள்ளைக. பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடி அதத் தள்ளிவிட்டுட்டுத்தான் போவோம்" என்றாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு உதடு கோணிக்கொண்டது. அழுதுகொண்டேதான் தள்ளினாள். எல்லாப் பெண்களும் அழுதுகொண்டுதான் தள்ளினார்கள். ஒருத்தி "எப்பா, எப்பா" என்று அழைத்தபடியே தள்ளியது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் இருமிவிட்டு நின்றது. மூன்றாவது தடவை அவர் கிளட்சை விட்டதும் பிடித்துக்கொண்டது. பிடித்த வண்டியை நிறுத்த முடியாது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கையெடுத்துக் கும்பிட்டேன். அந்தப் பெண்கள் நடுரோட்டில் எங்கள் புகைக்குள் நின்றார்கள். எந்தப் புகை படக் கூடாது என்று நினைத்தேனோ அதே புகை. எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. இரண்டாம் கியரைப் பிடித்துக்கொண்டே அழுதேன்.

மில்லுக்குள் நுழையும்போது மணி ஒன்று இருபது. ஆட்கள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். மதியழகன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. என் வீட்டுக்காரர் ஆக்ஸிலேட்டரில் கால் வைத்தபடி உள்ளேயே இருந்தார்.

"என்ன பாய் இது? ஒரு மணின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? பொம்பளப் புள்ளைக எல்லாம் பசியில நிக்குது. என்ன ஆச்சு?"

நான் வாயைத் திறந்தேன். வரும் வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டுதான் வந்திருந்தேன். அதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"வண்டி நின்னுபோச்சுங்க. பழைய வண்டி. என் தப்புதான்."

நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு என்று நான்தான் அடிக்கடி அவரைக் கிண்டல் செய்வேன். அன்றைக்கு அந்த நொண்டிக் குதிரையை அவர் எனக்குச் சாக்காகக் கொடுத்தார். நானும் எடுத்துக்கொண்டேன். வாயை மூடிக்கொண்டேன். தெருவே பயப்படுகிற வாய் என்னுடையது.

நான் ஓடிப்போய்த் தம் பிரித்தேன். மூடியைத் தூக்கியதும் வாசம் எழுந்தது, வரிசையில் சலசலப்பு. சோறு ஒன்றுக்கொன்று ஒட்டாமல் பூவாக இருந்தது. மதியழகன் முதலில் ஒரு வாய் போட்டுப் பார்த்தார். உள்ளே போய், இன்னும் இருபது நிமிஷம் மெஷின் ஓட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். அத்தனை பேருக்கும் நான் என் கையாலேயே பரிமாறினேன். இரண்டாம் தடவை கேட்டு வந்தவர்கள் பாதிப் பேர்.

எல்லாம் முடிந்த பிறகு மதியழகன் வண்டிக்குப் பக்கத்தில் வந்தார். நானும் வந்தேன்.

"அம்மா, சோறு பிரமாதம். வாரா வாரம் நீங்களே போடுங்க. அடுத்த புதன்ல இருந்து." அப்புறம் ஜன்னல் வழியாக என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "ஆனா பாய், தப்பா எடுத்துக்காதீக. இந்த வண்டி மட்டும் வேணாம். வேற வண்டில வரணும். சரின்னா சொல்லுங்க."

பதினோரு வருஷமாக நான் எந்தப் பேச்சைப் பேசினேனோ அதே பேச்சு. அடுத்தவர் வாயிலிருந்து கேட்கும்போது நெஞ்சில் யாரோ அம்மிக்கல்லை வைத்த மாதிரி இருந்தது. வண்டி நிற்கவில்லை ஐயா, நான்தான் நிறுத்தினேன் என்று இப்போதாவது சொல்ல வேண்டும். விடிகாலை மூன்றரை மணி ஞாபகம் வந்தது. சொல்லவில்லை.

"சரிங்க" என்றார் அவர். "சங்கிலின்னு ஒரு ஆளு இருக்காப்ல. புது வண்டி. அவரு வருவாரு."

மதியழகன் உள்ளே போய்விட்டார். என் வீட்டுக்காரர் அத்தனை நேரமும் ஆக்ஸிலேட்டரை அமுக்கியிருந்த காலை எடுத்தார். வண்டி குலுங்கி அணைந்தது. அந்த மில் வாசல் முழுக்கச் சமதரை. அந்தக் கோடியில் லோடு இறக்குகிற மேடு ஒன்று இருந்தது, அவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

"என்னங்க, அந்தா மேடு இருக்கே."

"இருக்கட்டும். செத்த நேரம் ஓயட்டும் அது."

விடிந்ததிலிருந்து மனிதர் ஒன்றும் சாப்பிடவில்லை. தேக்சாவைச் சுரண்டி அடிச்சோறும் ஒரு துண்டுக் கறியும் தட்டில் போட்டுக் கொண்டுபோனேன். இறங்கி, வண்டி நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நான் சொல்லிருக்கணும்ங்க. வாய் வரல. என் தப்ப நீங்க ஏத்துக்கிட்டீங்க."

"சொன்னா என்ன ஆகும்? ஒரு பொணத்துக்காக நூத்தம்பது பேரு சோத்த நிறுத்துனாளான்னு கேப்பாரு. ஆர்டரு போயிரும்." ஒரு வாய் மென்று முழுங்கிவிட்டுச் சொன்னார். "அந்தப் பொம்பளைக முன்னாடி நீ அணைக்காம இருந்திருந்தீன்னா, நானே வந்து அணைச்சிருப்பேன். விடு."

நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். அவர் தட்டை வழித்துச் சாப்பிட்டார். உப்பு சரியாக இருக்கிறது என்றார்.

கிளம்ப வேண்டும். மில் ஆட்கள் எல்லாம் உள்ளே போய்விட்டார்கள், மெஷின் ஓடத் தொடங்கிவிட்டது. வாட்ச்மேன் ஒருவர்தான் இருந்தார். அவர் வந்து வண்டிக்குப் பின்னால் கை வைத்தார். என் வீட்டுக்காரர் எனக்குக் கதவைத் திறந்துவிடச் சுற்றி வந்தார்.

"நீங்க போயி ஸ்டீரிங்ல உக்காருங்க" என்றேன்.

"நீ?"

"நான் தள்ளுறேன்."

போய் உட்கார்ந்தார். நான் முக்காட்டை இறுக்கிச் சொருகிக்கொண்டு, வாட்ச்மேனுக்குப் பக்கத்தில், சூடேறிக் கிடந்த அந்தத் தகரத்தில் இரண்டு கையையும் வைத்தேன். குனிந்து தோளையும் கொடுத்து மூச்சைப் பிடித்துத் தள்ளினேன். அப்போதுதான் தெரிந்தது அது எவ்வளவு கனம் என்று. இத்தனைக்கும் மூன்று தேக்சாவும் காலி.